மரம் இல்லாத ஊரின் கூரை

பழைய கண்டுபிடிப்பைப் பார்த்து இன்றைக்கு ஒன்றை வடிவமைக்கிறோம் என்றால், அதிலிருந்து எதை எடுத்துக்கணும்? தோற்றத்தையா, யோசனையையா? எனக்குத் தெரிந்த நல்ல பதில் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கு.

விழுப்புரம், செஞ்சி பக்கம் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்தது இதுன்னு கல்வெட்டிலேயே சொல்றான். எது இல்லாமல் செய்தேன் என்பதுதான் அவனுக்குப் பெருமை.

அதே மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழிப்பக்கம் ஆரோவில். அங்கே எர்த் இன்ஸ்டிட்யூட் கட்டுகிற வளைவுக் கூரைகளில் பல கம்பி இல்லாமல், முழு சென்ட்ரிங் அடிக்காமல் எழுந்தவை. அதற்கு மூலம் எகிப்தின் தெற்கே உள்ள நூபியா.

நூபியாவில் கூரை போட மரம் கிடையாது. அதனால் பின்சுவரை உயரமாக எழுப்பி, அதன்மேல் பச்சைக்கல்லைச் சாய்த்துச் சேற்றால் ஒட்டினார்கள். ஒவ்வொரு வளைவும் முந்தின வளைவின்மேல் சாய்ந்து நிற்கும். தாங்க மரச்சட்டம் வேண்டாம். லக்சரில் இரண்டாம் ராம்சேஸ் கோயிலின் களஞ்சியக் கூரைகள் 3,000 வருஷத்துக்கு மேலாகியும் நிற்கின்றன.

1940-களில் ஹசன் ஃபாத்தி என்ற எகிப்தியக் கட்டடக்கலைஞர் அந்தக் கொத்தனார்களை வைத்தே புதிய குர்னா கிராமத்தைக் கட்டினார். அழகான ஊர். ஆனால் யாருக்காகக் கட்டினாரோ, அவர்களில் பெரும்பாலோர் குடிவர மறுத்துட்டாங்க.

ஆரோவில்காரர்கள் நூபியாவை அப்படியே நகல் எடுக்கவில்லை. நம்ம மழைக்குப் பச்சைக்கல் தாங்குமா? மண்ணோடு சுமார் 5% சிமெண்ட் கலந்து, கைப்பிரஸ்ஸில் அழுத்தி, சூளையில் சுடாமல், நான்கு வாரம் பதப்படுத்திக் கல் செய்தார்கள். கல் அடுக்கும் முறையையும் மாற்றினார்கள். இப்படி மண்கல்லால் கட்டிய அவர்களின் பார்வையாளர் மையத்துக்கு 1992-ல் கிடைத்த விருது ஹசன் ஃபாத்தி பெயரிலேயே இருந்தது!

நான் சொல்ல வருவது இதுதான். முகப்பில் நாலு ஓடு ஒட்டினால் அது மரபு ஆகாது. நூபியாவில் இல்லாதது மரம். இன்று நமக்கு ஆற்றுமணல் கிடைப்பதில்லை, மேத்தளம் உச்சிவெயிலில் கொதிக்குது. வடிவமைப்பு அங்கிருந்து தொடங்கணும். குடியிருக்கப் போகிறவரையும் முதலிலேயே கேட்டுடணும்.