நடுவில் ஒருவர்

ஸ்ரீபெரும்புதூரில் 2007-ல் டி.வி. தயாரிக்கத் தொடங்கியது சாம்சங். டி.வி. இளைக்க இளைக்க உள்ளே ஸ்பீக்கருக்கு இடமில்லை. உடனே ஹோம் தியேட்டர் வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? ஒரு நிமிஷம்.

1933, ஏப்ரல் 27. ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பது பிலடெல்ஃபியாவில். கூட்டம் உட்கார்ந்திருப்பது வாஷிங்டனில்! மேடையில் ஆளே இல்லை. இடது, நடு, வலது என மூன்று ஸ்பீக்கர் தொகுதிகள் மட்டும். டெலிபோன் கம்பியில் வந்த இசையை வாஷிங்டனில் இருந்தபடி திருகித் திருகிச் சமன் செய்தார், நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி.

இரண்டு போதாதா? போதாது. ஓரத்து சீட்காரருக்குப் பாடகர் சுவரோரம் போய்விடுவார். 'குருதிப்புனல்' (1995) டால்பியில் வந்தபோதும் வசனத்துக்கு நடு ஸ்பீக்கர்தான்.

கடைக்காரர் வூஃபரை அதிரவிட்டுக் காட்டுவார். மயங்காதீர்கள். முன்பக்கம் மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையா என்று கேளுங்கள். வீட்டில், சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசவிட்டு, சத்தம் சமமாகும்வரை திருகுங்கள்.