டெஸ்லாவின் ஒற்றைத் தட்டு

போன மாசம் ஒரு ரிமோட் படகு கட்டி முடிச்சேன். பால்சா மரக் கூடு, மேலே எபாக்ஸி, பின்னால் மோட்டார், சுக்கானைத் திருப்ப ஒரு சர்வோ. கையிலிருக்கிற குச்சியை எவ்வளவு சாய்க்கிறேனோ, சுக்கானும் அவ்வளவு திரும்பும். ஊர்க் குளத்தில் விட்டுக் காட்டினேன். "கடையில விக்குற பொம்மைதானே"ன்னு தங்கச்சி சொல்லிட்டா. அந்தக் கடுப்பில் இதோட பூர்வீகத்தைத் தோண்டப் போய், நிக்கோலா டெஸ்லாவில் வந்து நின்னேன்.

1898. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மின்சாரக் கண்காட்சி. தண்ணீர்த் தொட்டியில் ஒரு இரும்புப் படகை மிதக்கவிட்டு, கம்பியே இல்லாமல் ஓட்டிக் காட்டினார் மனுஷன். ரேடியோவில் தந்தி அனுப்புவதே புதுசாக இருந்த காலம். கூட்டத்தில் ஒருத்தர் 64-க்குக் கனமூலம் என்னன்னு கேட்க, படகின் விளக்கு நாலு தரம் மின்னியதாகச் சொல்வாங்க. கணக்குப் போட்டது டெஸ்லா, படகு இல்லை :-)

இந்த வித்தையைவிட எனக்குப் பிடிச்சது உள்ளே இருந்த சங்கதி. அந்த வருஷம் நவம்பர் 8-ல் அவருக்குக் கிடைத்த காப்புரிமையை (எண் 613,809) படிச்சுப் பாருங்க. ரிசீவர்னா, உலோகத் தூள் அடைத்த ஒரு சின்னக் குழாய். ரேடியோ அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். அலை நின்றாலும் தானாகப் பிரியாது. அதனால் ஒவ்வொரு சிக்னலுக்கும் குழாயைத் தலைகீழாகப் புரட்டிவிட ஒரு ஏற்பாடு. ஆக, படகுக்குத் தெரிந்தது ஒரே சொல்: "தட்டு". இதை வெச்சு இடது, வலது எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சக்கரம் ஒரு படி நகரும். முதல் தட்டு சுக்கானை ஒரு பக்கம் திருப்பும், அடுத்தது நிறுத்தும், மூணாவது மறுபக்கம், நாலாவது மறுபடி நிறுத்தும். நம்ம பாஷையில் ஸ்டேட் மெஷின்! டிரான்சிஸ்டர் வர இன்னும் அரை நூற்றாண்டு இருக்கு. 1950-களில் மாடல் படகு கட்டியவங்களும் ரப்பர் பேண்டை முறுக்கி ஏறக்குறைய இதே மாதிரிதான் சுக்கான் திருப்பினாங்க.

ஆசை யாரை விட்டது? ரிசீவருக்கும் சர்வோவுக்கும் நடுவில் ஒரு ஆர்டுயினோவைச் சொருகி, என் படகையும் ஒற்றைப் பட்டனுக்கு மாத்தினேன். "நிறுத்து"க்குப் பதில் "நேரே போ". கரையோரம் பிரமாதம். நடுக்குளத்தில் ஒரு தட்டு போய்ச் சேரலை. அதோட என் எண்ணிக்கை வேற, படகோட எண்ணிக்கை வேற. திரும்புன்னு தட்டினா நேரே போகுது. படித்துறையில் மோதி மூக்கு காலி.

டெஸ்லாவின் படகும் பதில் பேசாது. எங்கோ பறக்கிற தீப்பொறியைக்கூட தட்டுன்னு எடுத்துக்கும். அது அவருக்கே தெரிஞ்சிருக்கு. 1900-ல் விண்ணப்பிச்சு 1903-ல் வாங்கிய காப்புரிமையில், ரெண்டு அலைவரிசையும் சேர்ந்து வந்தால்தான் கருவி அசையும். அப்பட்டமான ஆண்ட் கேட்! ஆனா படகை அரசுக்குத் தரலாம்னு வாஷிங்டனில் ஒரு அதிகாரியிடம் சொன்னப்போ அவர் சிரிச்சுட்டாராம். 1919-ல் டெஸ்லாவே எழுதியிருக்கார்.

மூக்கை ஒட்டியாச்சு. ஒற்றைப் பட்டனை மட்டும் எடுக்க மனசு வரலை. இப்ப தங்கச்சி படித்துறையில் நின்னு "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சத்தமா எண்ணுறா.