ரோஜர் என்றால் "சரி" அல்ல



டேக் ஆஃப், லேண்டிங், ரன்வே எல்லாம் இன்று நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கும் பழகிவிட்ட வார்த்தைகள். ஆனால் விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ரேடியோவில் பேசிக்கொள்கிற பாஷையே தனி. அதில் ஒரு வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை.

விமானம் பிறந்த புதிதில் அதற்கென்று சொந்தச் சொற்கள் கிடையாது. கேப்டன், க்ரூ, ரட்டர், வேகத்தைச் சொல்லும் 'நாட்' எல்லாமே கப்பலிடம் வாங்கிய கடன். நாம் மட்டும் புராணத்தில் தேவர்கள் ஏறி வந்த விமானத்தின் பெயரையே அந்த இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டோம்!

ரேடியோ வந்ததும் புதுப் பிரச்சினை. கப்பல்களின் அபாயக் குறியான எஸ்.ஓ.எஸ். தந்தியில் தெளிவாகக் கேட்கும். இரைச்சலுக்கு நடுவே வாயால் சொன்னால் 'எஸ்' என்பது சரியாகக் காதில் விழாது. 1920களில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்தின் ரேடியோ அதிகாரி ஃப்ரெடரிக் மாக்ஃபோர்டு 'மேடே' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். "எனக்கு உதவுங்கள்" என்னும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. க்ராய்டனுக்கும் பாரிசுக்கும் இடையேதான் அப்போது போக்குவரத்து அதிகம். இரு தரப்புக்கும் புரிய வேண்டுமே! 1927இல் அது சர்வதேச அபாய அழைப்பாக ஏற்கப்பட்டது. மூன்று முறை சொல்ல வேண்டும்.

'ரோஜர்' என்பது சினிமா பார்த்த எல்லோருக்கும் தெரியும். தந்திக்காரர்கள் 'கிடைத்தது' என்பதற்கு 'ஆர்' என்று ஒற்றை எழுத்தை அடிப்பார்கள். அன்றைய உச்சரிப்புப் பட்டியலில் 'ஆர்' எழுத்தின் பெயர் ரோஜர். 1956இல் வந்த புதுப் பட்டியலில் அது ரோமியோ ஆகிவிட்டது. ரோஜர் மட்டும் போகவில்லை. அதன் பொருள் "நீ சொன்னது முழுதும் காதில் விழுந்தது" என்பது மட்டுமே. "ஆமாம்" அல்ல, "அப்படியே செய்கிறேன்" அல்ல. செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ' என்று தனிச் சொல் உண்டு.

இதிலெல்லாம் இத்தனை கறார் எதற்கு என்று கேட்கலாம். பதில் 1977 மார்ச் 27இல் இருக்கிறது.

ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. பக்கத்துத் தீவில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் அந்தச் சின்ன நிலையத்தில் நெருக்கியடித்து நின்றன. கடும் மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். ஜம்போ, அதே பாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது பான் ஆம் ஜம்போ. கிளம்பிய பிறகு போக வேண்டிய வழியைக் கோபுரம் சொன்னது. அந்த வாக்கியத்திலும் 'டேக் ஆஃப்' என்ற சொல் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, தாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருப்பதாக முடித்தார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரம் எடுத்துக்கொண்டது. விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது.

கோபுரம் "ஓகே" என்றது. அடுத்து "காத்திருங்கள்" என்று அது சொன்ன அதே நொடியில் பான் ஆமும் "நாங்கள் இன்னும் பாதையில்தான்" என்று பேச, இரண்டும் மோதிக் கீச்சென்ற சத்தமாகிவிட்டன. கே.எல்.எம். காதில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" மட்டும். 583 பேர் மாண்டார்கள்.

அனுமதி பெறாமல் கேப்டன் கிளம்பியதே அடிப்படைக் காரணம் என்றது ஸ்பெயின் விசாரணை. ஆனாலும் சொற்களும் திருத்தப்பட்டன. இன்று 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே கோபுரம் சொல்லும். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'தான். முக்கியமான உத்தரவுக்கு வெறும் ரோஜர் போதாது. விமானி அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

சொல்லாமல் விட்ட வார்த்தையும் கொல்லும். 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்தது கொலம்பியாவின் அவியாங்கா விமானம். 73 பேர் இறந்தனர். எரிபொருள் தீர்கிறது, 'முன்னுரிமை' வேண்டும் என்றெல்லாம் சொன்ன விமானிகள், 'மேடே' என்றோ 'எமர்ஜென்சி' என்றோ ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வரிசையில் காத்திருக்கும் இன்னொரு விமானமாகவே கோபுரம் அதை நடத்தியது.

டெனரீஃபில் இன்னொன்றும் நடந்தது. விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையோ?" என்று கே.எல்.எம். ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் அவர் அடங்கிவிட்டார். காக்பிட்டில் இளையவர் சந்தேகத்தைத் துணிந்து சொல்லவும், மூத்தவர் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் பிற்பாடு உலகெங்கும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே வந்ததற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

வகுப்பில் "சார், புரியலை" என்று எழுந்து கேட்கக் கூச்சப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்று நாமே ஆபீசிலும் வீட்டிலும் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். விமானிகளின் பாஷையில் 'சே அகெய்ன்' என்று ஒன்று உண்டு. "மறுபடி சொல்லுங்கள்" என்று பொருள். அப்படிக் கேட்பதை வானத்தில் யாரும் குறைவாக நினைப்பதில்லை. நம்மிடம் யாராவது அப்படிக் கேட்டால், முகம் சுளிக்காமல் மறுபடி சொல்வோம்.