ஒரே அதிகாரம், இருவகை வாசிப்பு: ஹைதராபாத்தின் ஹெப்ரோன்

விவிலியத்தை எழுத்துப்படி வாசிப்போர், குறியீடாக வாசிப்போர் எனக் கிறித்தவர்களை இரு அணிகளாகப் பிரிப்பது ஆய்வுகளில் பெருவழக்கு. ஹைதராபாத்தின் திருச்சபை வரலாறு இப்பகுப்புக்குள் அடங்குவதில்லை.

கோல்கொண்டா குறுக்குச்சாலையிலுள்ள ஹெப்ரோன், பக்த் சிங் (1903–2000) 1950இல் தொடங்கிய வழிபாட்டு மையம். பஞ்சாபின் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், பொறியியல் பயின்ற காலத்தில் கனடாவில் கிறித்துவை ஏற்று, 1933இல் நாடு திரும்பினார். 1941இல் சென்னையில் அவர் தொடங்கிய 'பரிசுத்தக் கூடுகை' பின்னர் ஹைதராபாத்திலும் நிலைபெற்றது. விசுவாசிகள் பல நாள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, வழிபடுவர். இதற்கு ஆதாரம் லேவியராகமம் 23ஆம் அதிகாரம். பண்டைய இஸ்ரவேலின் பண்டிகை விதி இங்கே நடைமுறையாயிற்று.

ஆயினும் அதே அதிகாரம் தகனபலியையும் கட்டளையிடுகிறது. ஹெப்ரோனில் எவரும் பலியிடுவதில்லை. பலி கிறித்துவின் சிலுவைக்கு முன்னடையாளம் என்பதே அங்குள்ள போதனை. ஆசரிப்புக் கூடாரத்தையும் பக்த் சிங் கிறித்துவின், சபையின் சாயலாகவே விளக்கினார். ஆக, கூடுகை எழுத்து, பலி குறியீடு.

இவ்வெல்லையை வகுப்பது எது? மூலமொழியின் இலக்கணம் அன்று. 'கூடுங்கள்', 'பலியிடுங்கள்' இரண்டும் கட்டளைகளே. பழைய ஏற்பாட்டுப் பலிமுறையை நிழல் எனக் கூறும் எபிரெயர் நிருபமே இங்கு அளவுகோல். விவிலியத்தின் ஒரு நூல் மற்றொன்றை வாசிக்கும் விதியாகிறது. இச்சிக்கல் புதிதன்று. சொல்லுக்குச் சொல் கொள்ளும்போது அன்புக்கோ விசுவாச உண்மைக்கோ பொருந்தாத பகுதியை உருவகமாகக் கொள்ளவேண்டும் என அகஸ்டின் 'கிறித்தவப் போதனை' என்னும் நூலில் விதி வகுத்தார். அவ்விதியும் சொல்லுக்கு வெளியிலிருந்தே வருகிறது.

எல்லையை வகுக்கும் அதிகாரம் வாழ்வைத் தொடுவது. 1 கொரிந்தியர் 11 கூறும் முக்காடு இச்சபைகளில் எழுத்துப்படியே பின்பற்றப்படுகிறது. வேறு பல சபைகள் அதனை அக்காலப் பண்பாட்டு வழக்கம் எனக் கடந்துவிட்டன. வசனம் ஒன்றே, அதன் விளைவு பெண்களின் தலைமேல் தெரிகிறது.

எனவே 'எழுத்துவாதிகள்' என்னும் பெயர் இச்சபைகளை விளக்கப் போதாது. எந்த வசனம் கட்டளையாயிற்று, எது அடையாளமாயிற்று, அதனை யார் தீர்மானித்தனர் என்னும் வினாக்களிலிருந்தே இவ்வரலாற்றை எழுதவேண்டும்.