ஒரு ‘தி’யின் வரலாறு

கொற்கைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் படித்தவன் நான். இங்கிலீஷ் கட்டுரையில் ‘தி’ விட்டுப்போனால் வாத்தியார் சிவப்பு மையால் சுழிப்பார். “எந்த முத்துலே? ஏதோ ஒரு முத்தா, அந்த முத்தா?” தமிழில் ‘தி’க்கு ஈடாக ஒரு சொல் இல்லை, அதனால் அந்த வேறுபாடே நமக்கு இல்லையென்று ஆகாது. ‘முத்து எடுத்தான்’ என்றால் ஏதோ முத்து. ‘முத்தை எடுத்தான்’ என்றால் பேச்சில் ஏற்கெனவே வந்த முத்து. அந்த வேலையை வேற்றுமை உருபு பார்க்கிறது. ‘ஏ’யின் வேலையை ‘ஒரு’ பார்க்கிறது.

1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் இதெல்லாம் அறிந்தவர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். கொற்கை மண்ணைத் தோண்டிப் பார்த்தவர். அவரேதான் 1849இல் ‘தி டின்னவேலி சாணார்ஸ்’ என்ற நூலையும் போட்டார். இலக்கணப்படி அந்த ‘தி’யில் பிழையில்லை. அரசியல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு சனம் முழுவதும் ‘தெரிந்த’ பொருளாக, சொல்லி முடித்த பொருளாக ஆகிவிடுகிறது. யாருக்குத் தெரிந்த? இங்கிலாந்தில் மிஷன் சேதி வாசிக்கிறவனுக்கு. எழுதப்பட்டவர்கள் பின்னாளில் அந்நூலை எதிர்த்துக் கிளம்பினார்கள். ‘அது நாங்க இல்ல’ என்பதே அந்த எதிர்ப்பின் சாரம்.

‘தி’யைச் சரியாகப் போடக் கற்போம், பிள்ளைகளுக்கு மார்க்கு வேணும். கூடவே வாத்தியாரின் கேள்வியை வரலாற்று நூல்களிடமும் கேட்போம்: “எந்த சனம்லே? யாரு அறிஞ்ச சனம்?”