கள்ளுக்கடையிலிருந்து மெத்தடோன் வரை: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் போதையும் குடும்பப் பொருளாதாரமும்

1. ஆய்வுப் பொருள்

1996இல் ஆக்சிகான்டின் என்னும் ஓபியாய்டு வலிநிவாரணி மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2017 அக்டோபரில் அந்நாட்டு அரசு ஓபியாய்டுப் போதையைப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அங்குள்ள ஆய்வாளர்கள் மாத்திரையோடு நின்றுவிடவில்லை. ஆலை மூடிய ஊர்களையும், வேலை தேடுவதையே விட்டுவிட்ட ஆண்களையும், பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் பாட்டிகளையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்னும் பொருளியலாளர்கள் போதை மரணம், குடியால் வரும் கல்லீரல் நோய், தற்கொலை ஆகிய மூன்றையும் விரக்தி மரணங்கள் என்று ஒரே வகையில் அடக்கினார்கள்.

இதே முழுமையான பார்வை நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் தேவை. லாபு, சிலியாவ், லுக்குட், பகாவ், ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் ஒருவர் அழிந்தால், "குடிச்சே கெட்டான்" என்ற ஒரு வரியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. தோட்டத்தில் கூலி, வீடு, கடன், போதை நான்கும் ஒரே நிர்வாக அமைப்பின் கீழ் இருந்தன. எனவே போதையின் செலவைக் குடித்தவரின் பெயரில் மட்டும் எழுதுவது பிழையான கணக்கு என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்தச் செலவைச் சுமந்தது குடும்பம். ஆகவே பொது உதவியும் குடும்பத்தை அலகாகக் கொண்டே அமைய வேண்டும்.

2. வரலாற்று வேர்

2.1 வருவாயாக இருந்த போதை

மலாயாவின் காலனி ஆட்சி போதையை வருவாய்த் துறையாகவே நடத்தியது. 1910 முதல் அபினைத் தயாரித்து விற்கும் உரிமையை அரசே எடுத்துக்கொண்டது. அபின் பெரும்பாலும் சீனத் தொழிலாளரிடம் சென்றது. தமிழ்த் தொழிலாளருக்குக் கள் வைக்கப்பட்டது. இறக்கிய சில மணி நேரத்திலேயே புளித்துவிடும் தென்னங்கள்ளை அன்றன்றைக்கே விற்றாக வேண்டும். அதனால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை தோட்ட எல்லைக்குள்ளேயே, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்தக் கள்ளுக்கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலச் செலவுக்கு ஒதுக்கும் வழக்கமும் உண்டு. குடும்பத்தின் அரிசிக்காசு கடைக்குப் போய், அதில் ஒரு பங்கு நலநிதி என்ற பெயரில் அதே குடும்பத்துக்குத் திரும்பியது. பொது உதவியும் போதையும் இவ்வாறு தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று பிணைந்தன.

2.2 தொழிலாளரின் எதிர்ப்பு

தோட்ட மக்கள் இதை வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்பது தவறான வரலாறு. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு, மருத்துவ வசதி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடும் கோரிக்கையும் இருந்தது. வெள்ளைத் துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்ற கோரிக்கையும் அதே பட்டியலில் இடம்பெற்றது. மது எதிர்ப்பைத் தன்மான உரிமையின் பகுதியாகவே அவர்கள் கண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடாவில் எழுந்த, தோட்டத் தொழிலாளரின் தொண்டர் படையும் பீடோங் வட்டாரக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது.

2.3 சட்டத்தில் பதிந்த தடம்

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதை நெடுங்காலம் வழிநடத்திய பி. பி. நாராயணன், நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணி செய்து மேலே வந்தவர். மறு ஆண்டு வந்த 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் இரு விதிகள் கவனிக்கத்தக்கவை. மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்கிறது ஒன்று. வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக முதலாளி மது வழங்கக் கூடாது என்கிறது மற்றொன்று. கூலிக்கும் மதுவுக்கும் இருந்த நெருக்கத்தைச் சட்டமே பிரித்துவைக்க வேண்டியிருந்தது.

3. வேலையின் மீது விளைவு

பால்மரம் வெட்டுவது விடியலின் வேலை. வெயில் ஏறினால் பால் குறையும்; ஆகவே இருட்டோடு பிரட்டு எனப்படும் வருகைப் பதிவுக்கு நிற்க வேண்டும். முதல்நாள் இரவுக் குடி மறுநாள் வெட்டைக் கெடுக்கும். நடுங்கும் கையில் கத்தி ஆழமாக இறங்கினால் பட்டையும் காயப்படும். வெட்டு மோசம் என்று மேற்பார்வையாளரான மண்டோர் எழுதிக்கொள்வார். தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாள் வேலை தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் பிரட்டுக்கு வராதவரின் நாள் அவருடைய நட்டமே. மழை நாளிலும் வருமானம் சுருங்கும். இவ்வாறு கரைந்த சம்பளத்தை மளிகைக்கடையின் 555 எனப்படும் கடன் நோட்டில் ஏறிய கடன் முதலில் எடுத்துக்கொள்ளும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது நேர ஒழுங்கு மாறியது. உடல் வலி கூடியது. உயரமான மரத்தில் நீண்ட கழியால் குலையை அறுத்து, சுமந்து, ஏற்றி முடித்த உடல், வலியை மறக்க எதையாவது தேடும். இங்கேதான் தோட்டத் தொழிலாளியின் சம்சு என்னும் சாராயமும் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் மாத்திரையும் ஒரே தேவையிலிருந்து பிறக்கின்றன: உழைத்த உடலின் வலிக்கு மருத்துவம் எட்டாத இடத்தில் போதை மருந்தாகிறது.

சம்சு கள்ளைவிடப் பல மடங்கு வீரியமான வடிசாராயம். சிறு புட்டிகளில், நாள்கூலிக்காரர் வாங்கக்கூடிய விலையில் விற்கப்பட்டதே அதன் பரவலுக்கு வழி செய்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் இயக்கம் நடத்தியது. 2017 டிசம்பரில் நடப்புக்கு வந்த விதிகள் மது வாங்கும் வயதை 21ஆக உயர்த்தின. இவ்வகைச் சாராயத்தை 700 மில்லி லிட்டருக்குக் குறைந்த புட்டியில் விற்பதையும் தடுத்தன. புட்டியின் அளவும் கூலியின் அளவும் இணைந்திருந்ததை அரசு ஒருவாறு ஏற்றுக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். சட்டத்துக்குப் புறம்பான சரக்கின் ஆபத்து தீரவில்லை: 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது பலரைக் கொன்றது, அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்.

4. குடும்பத்தின் மீது விளைவு

தோட்டக் குடும்பத்தில் பெண்ணும் வெட்டுக்குப் போகிறவள். குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, கணவனுக்கு நிகராக மரம் வெட்டி, திரும்பி வந்து அடுப்பையும் பார்த்தவள் அவள். ஆணின் கூலி போதைக்குப் போனபோது குடும்பம் உடனே விழுந்துவிடாமல் தாங்கியது இவளுடைய கூலிதான். அவள் தாங்கியதாலேயே பாதிப்பு வெளியே தெரியாமலும் போனது. அவளுக்கும் முடியாதபோது மூத்த பிள்ளையின் பள்ளிப்படிப்பு நின்றது. பையன் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கப் போனான், பெண் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒருவரின் போதைக்கு அடுத்த தலைமுறையின் கல்வியே விலையாயிற்று.

போதையோடு வீட்டுக்குள் வந்த வன்முறைக்கு எதிராக 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996இல் நடப்புக்கு வந்தது. ஆனால் லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. கணவனை விட்டு வெளியேறும் பெண் பல வேளைகளில் வீட்டையும் வேலையையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்தே இழக்க வேண்டும். அச்சட்டம் தரும் பாதுகாப்பு ஆணை கூரைக்கு வழி சொல்லாவிட்டால் அவளுக்குப் பாதிப் பாதுகாப்பே.

1970களிலிருந்து பரவிய ஹெராயின் இன்னொரு சுமையைக் கொண்டுவந்தது. அது தமிழருக்கோ தோட்டத்துக்கோ மட்டும் உரிய சிக்கல் அன்று. நாடு முழுதும் எல்லா இனத்தாரையும் தொட்டது. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. பாதிப்பு 1986இல் பதிவானது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஊசியைப் பகிர்ந்துகொள்வதே தொற்றின் முதன்மை வழியாக இருந்தது. ஊசியைத் தொட்டும் பார்க்காத மனைவியருக்கும் நோய் வந்தது. குடியில் பணத்தை இழந்த குடும்பங்கள் இதில் உடல்நலத்தையும் ஊராரின் மதிப்பையும் இழந்தன.

நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயத்தோடு கோயிலும் பள்ளியும் உறவும் கலைந்தன. குடிகாரரின் பிள்ளைக்கு ஒரு வேளை சோறு போட்ட பக்கத்து வீட்டு அத்தை, குறைந்த விலை அடுக்குமாடியில் வேறொரு மாடிக்குப் போய்விட்டார். எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லாத அந்த உதவி முதலில் மறைந்தது.

5. பொது உதவியின் நிலை

5.1 தண்டனையும் சிகிச்சையும்

1983இல் அரசு போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கான அச்சுறுத்தலாக அறிவித்தது. அதே ஆண்டில் வந்த சட்டத்தின்படி போதைக்கு அடிமையானவரை இரண்டு ஆண்டுகள் மறுவாழ்வு மையத்தில் வைக்க நீதிமன்றம் ஆணையிட முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுகள் குடும்பம் எதைத் தின்னும் என்ற கேள்விக்கு அதே ஆணையில் விடை இருக்கவில்லை. 2005 அக்டோபரில் தொடங்கிய, ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் தரும் சிகிச்சை இதைவிட மனிதத்தன்மை கொண்டது. மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம், குடும்பத்தோடு இருக்கலாம். ஆனால் பிரட்டு விடியுமுன், கிளினிக் திறப்பது காலை எட்டு மணிக்கு; அதுவும் பட்டணத்தில். நாள்கூலிக்காரர் மருந்தா சம்பளமா என்று தேர்ந்தெடுக்கும் நிலை வரக் கூடாது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடுகள் குடிநோய்க்குப் பொருந்தியதும் இல்லை; தோட்டத்தை மிக நெடுங்காலம் வாட்டிய போதை அதுதான்.

5.2 அளவுகோலின் குறை

உதவித்தொகை பெரும்பாலும் வறுமைக்கோட்டை ஒட்டியே அளிக்கப்படுகிறது. மாதம் 980 ரிங்கிட்டாக இருந்த அக்கோடு 2020இல் 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். எனினும் அது வீட்டின் மொத்த வருமானத்தை அளக்கிறது. அதில் எவ்வளவு அடுப்புக்கு வந்தது என்பதை அளப்பதில்லை. கணவனும் மனைவியும் சம்பாதிக்கும் வீடு ஏட்டில் கோட்டுக்கு மேலே இருக்கும். ஒரு சம்பளம் சாராயக்கடையில் கரைந்தால், பிள்ளைகள் கோட்டுக்குக் கீழேதான் வாழ்கிறார்கள். 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட்டாக வந்தபோதும், அதன்பின் உயர்ந்தபோதும், இந்த இடைவெளி அப்படியே நின்றது.

6. முடிவும் பரிந்துரையும்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு பரிந்துரைகள் எழுகின்றன.

அ. போதையால் பாதிக்கப்பட்ட வீட்டில் வருமானத்தைத் தாயின் கைக்கு வந்த தொகையைக் கொண்டு மதிப்பிட வேண்டும்; உதவியும் அவர் பெயருக்கே செல்ல வேண்டும்.

ஆ. மெத்தடோன் தரும் கிளினிக்குகளிலேயே குடிநோய்க்கும் சிகிச்சை வேண்டும். தோட்ட வட்டாரங்களில் வேலை நேரத்துக்கு ஏற்ப மாலையிலும் அவை திறந்திருக்க வேண்டும்.

இ. மறுவாழ்வு ஆணை பிறக்கும் அன்றே அக்குடும்பத்தைச் சமூக நல இலாகா சந்திக்கும் முறை வேண்டும். வீட்டை வேலையிலிருந்து பிரிக்கும் சொந்த வீட்டுத் திட்டங்கள் இதன் அடித்தளம்.

ஈ. மதுவரியில் ஒரு பங்கு குடிநோய்ச் சிகிச்சைக்கும் அக்குடும்பங்களின் பிள்ளைகளின் கல்விக்கும் வெளிப்படையாக ஒதுக்கப்பட வேண்டும்.

நான்காவது பரிந்துரை சலுகைக் கோரிக்கை அன்று. நூறாண்டுக்கு மேலாக இம்மக்களின் கூலியிலிருந்து கள்ளாகவும் சம்சுவாகவும் எடுக்கப்பட்ட பணத்துக்குச் சேர வேண்டிய நீதி அது. 1941இல் கள்ளுக்கடையை மூடக் கேட்ட தொழிலாளர், பிள்ளைகளுக்குப் படிப்பையும் நோயாளிக்கு மருத்துவத்தையும் அதே மூச்சில் கேட்டார்கள். மூன்றையும் சேர்த்தே தர வேண்டும் என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். கொள்கை வகுப்போர் இன்று அதைச் செய்ய வேண்டும்.