வெயில் காலக் கடல் தூண்டில்: நீரோட்டமும் நேரமும் எச்சரிக்கையும்

தீபகற்ப மலேசியாவில் மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மழை குறைந்து வெயில் ஏறும் இந்த மாதங்களில், பாகான் டத்தோ, கோல சிலாங்கூர், கிள்ளான், போர்ட்டிக்சன் என மேற்குக் கரையெங்கும் வார இறுதியில் தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாகப் புறப்படுவோர் அதிகம். நவம்பர் முதல் மார்ச் வரை கொந்தளிக்கும் கிழக்குக் கரையும் இப்போது அமைதியாக இருக்கும். திரங்கானுவில் இரவு நேரக் கணவாய்த் தூண்டிலும் இக்காலத்தில்தான் களைகட்டும்.

திதி பார்த்துப் புறப்படுதல்

மலாக்கா நீரிணையில் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றும். இந்த நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். கிள்ளான் துறைமுகப் பகுதியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டும். அட்டமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் தளர்ந்துவிடும். இதை மலாய் மீனவர்கள் 'ஆயர் மாத்தி' என்பர்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே நல்ல நாளைக் காட்டிவிடும். ஆனால் நீர் ஏறி இறங்கும் மணியை அறிய அந்தந்த இடத்துக்குரிய அலை அட்டவணை வேண்டும்.

பெரிய நீரோட்ட நாட்களில் நடுக்கடலில் ஈயக்குண்டு அடியில் நிற்காது. சேறு கிளம்பி நீரும் கலங்கிவிடும். அப்போது கழிமுகமும் கரையோரமுமே தோது. ஆழத்தில் ஜெனாஹாக், கெராப்பு போன்ற மீன்களுக்குத் தூண்டில் போடுவோர், அட்டமி கழிந்து நீர் மெல்ல வேகம் பிடிக்கும் நாட்களைத் தேர்வது நல்லது.

வெயிலில் மீன் எங்கே?

நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். உச்சி வெயிலில் ஆழமற்ற இடங்களில் மீன் தங்காது. ஆழத்துக்கோ, பாலத்தூண், பாறை நிழலுக்கோ ஒதுங்கிவிடும். விடியலும் அந்தியும் இரவுமே இரை தேடும் நேரம். அந்த நேரத்தில் நீரும் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

கொடுவா என்னும் சியாக்காப் மீனுக்குச் சதுப்புநில ஆற்றுவாய் ஏற்ற இடம். நீர் வற்றும்போது காண்டா மரங்களின் வேர்களிடையே இருந்து இறாலும் சிறுமீனும் வெளியேறும். அவற்றுக்காகச் சியாக்காப் ஓடை வாயிலில் காத்திருக்கும். வற்றத்தின் கடைசி நேரமும் ஏற்றத்தின் முதல் நேரமும் தவறவிடக் கூடாதவை. உயிர் இறால் சிறந்த இரை. அதைக் காற்றூட்டியுடன் நிழலில் வைக்காவிட்டால், வெயில் சூட்டில் சிறிது நேரத்திலேயே செத்துவிடும்.

விடியற்காலை 'சுமத்ரா'

மீன் கடிக்கும் அதே விடியற்காலைதான் ஆபத்தான நேரமும் ஆகும். சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று, பெரும்பாலும் பின்னிரவுக்கும் முற்பகலுக்கும் இடையே மேற்குக் கரையைத் தாக்கும். காற்றின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. இடியும் கனமழையும் சேர்ந்தே வரும்.

மேற்கு வானில் கருமேகம் வரிசையாக எழுவதும், புழுக்கத்துக்கு நடுவே திடீரெனக் குளிர்காற்று வீசுவதும் இதன் அறிகுறிகள். அதைக் கண்ட பிறகு இன்னொரு மீனுக்காகக் காத்திருக்கக் கூடாது. படகோட்டியான தெக்கோங் திரும்பலாம் என்றால் மறுபேச்சின்றித் திரும்ப வேண்டும்.

கார்பன் இழைத் தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டதும் அதைக் கீழே வைத்துவிட வேண்டும். புறப்படுமுன் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்ப்பதும், உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருப்பதும், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிச் செல்வதும் கட்டாயம். அவசர எண் 999.

முள் குத்தினால்

செம்பிலாங் மீனுக்கு முதுகில் ஒன்றும் பக்கத் துடுப்புகளில் இரண்டுமாக நச்சு முட்கள் உண்டு. திருக்கைக்கு வாலில் இருக்கும். குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 45 பாகைக்கு மேற்படாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி தணியும். வலி மரத்த கைக்குச் சூடு தெரியாது என்பதால் வெந்நீரை வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். முள் ஆழமாகத் தைத்திருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிடித்த மீன் குழம்புக்குச் சேரும்வரை

கெம்போங், தெங்கிரி, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். அதன்பின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும், உறைய வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, வாந்தி தோன்றலாம். பலரும் இதை 'மீன் ஒவ்வாமை' என்று நினைத்துவிடுகின்றனர்.

மீனை வாளியில் போட்டு வைக்காமல், பிடித்தவுடன் ஐஸில் புதைக்க வேண்டும். மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் என்பது எளிய கணக்கு. ஐஸுடன் கொஞ்சம் கடல்நீர் கலந்தால் மீன் விரைவாகக் குளிரும். அதிகாலையில் பிடித்த மீன் பகல் முழுவதும் பயணம் செய்து வீட்டுச் சமையலறைக்கு வந்தாலும், செவுள் சிவப்பும் கண் பளபளப்பும் மாறாமல் இருக்கும்.